அக்காவின் முட்டியும் மேற்கு மேகமும்

நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு வருகிறதே, அது ஆவி இல்லை. ஆவி குளிர்ந்து பொடிப் பொடித் தண்ணீராக மாறிய பிறகு தெரிவது அது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் எங்கள் மில்லின் பாய்லர்காரன்.

செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, நெல் அவிக்கிற பழைய ரைஸ் மில் அது. பாய்லரில் உமியைப் போட்டு எரிப்பார்கள். ஆவி குழாய் வழியாக நெல் தொட்டிக்குப் போகும். விடிவதற்குள் நெல் வெந்துவிடும். வெந்த நெல்லைத் தள்ளுவண்டியில் வாரிக்கொண்டு வந்து சிமெண்டுக் களத்தில் கொட்டுவது என் வேலை. அதன் பிறகு பெண்கள் அதை விரித்து, காலால் துழாவித் துழாவி வெயிலில் காயவைப்பார்கள்.

அன்று காலையில் தொட்டிக்குப் போகிற குழாயின் மூட்டு ஒன்று கழன்று, ஆவி பக்கவாட்டில் சீறிக்கொண்டிருந்தது. நான் வண்டியை அதன் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாய்லர்காரன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். சான்றிதழ் வாங்கியவன். அவன் சொன்னான்:

"அண்ணாத்த, அந்தப் பொகையாண்ட போவாத, வெந்துடுவ. இந்தப் பக்கமா, கொழாயாண்ட ஒட்டி வா. இங்க ஒண்ணியும் இல்ல பாரு."

பார்த்தேன். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. குழாயின் வாய்க்கும் வெள்ளைப் புகை ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு சாண் அளவுக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கத்துச் சுவர் தெளிவாகத் தெரிந்தது. குழாயை ஒட்டி வண்டியைத் தள்ளினேன். அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குள் என் வலது கை நுழைந்தது.

நான் கத்தினேன் என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது சிரிப்புதான். பாய்லர்காரன் சிரித்தான், மேஸ்திரி சிரித்தார், களத்தில் இருந்த ஆறு பெண்களும் சிரித்தார்கள். அந்த ஆறு பேரில் என் அக்காவும் ஒருத்தி. "ஊமைக்கும் தொண்ட கீதுடி" என்று யாரோ சொன்னதற்கு அவளும் சேர்ந்து சிரித்தாள். கையைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

"பொகதான் சுடும்னு நெனச்சியா?" என்று பாய்லர்காரன் கேட்டான். "தெரியாம கீறதுதான் நைனா சுடும். தெரிஞ்சிட்டா அது ஆறிடுச்சுன்னு அர்த்தம்."

தோல் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. மேஸ்திரி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. களத்து ஓரத்தில் தகரக் கொட்டகையின் நிழலில் உட்காரவைத்து, இடது கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, புறா ஓட்டச் சொன்னார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். அதற்குப் பிறகு அந்த மூன்று வாரம்தான் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பார்த்தது. புறா வருகிறதா என்று மேலே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் மேகம் இருந்தது.

முதலில் எனக்கு உறைத்தது அதன் அடிப்பக்கம். பகல் பத்து மணிக்கு மேல் வருகிற மேகங்கள் எல்லாவற்றுக்கும் தலை விதவிதமாக இருக்கிறது. ஆனால் அடி மட்டும் கத்தியால் அறுத்த மாதிரி தட்டை. பத்து மேகம் இருந்தால் பத்துக்கும் அடி ஒரே உயரத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகை மேல் வரிசையாக வைத்த மாதிரி. குழாய் வாய்க்கும் புகைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் என் நினைவுக்கு வந்தது. வெயிலில் காய்கிற ஏரியிலிருந்தும், வயலிலிருந்தும், எங்கள் களத்து நெல்லிலிருந்தும் ஆவி கிளம்பிப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஓர் உயரத்துக்குப் போனதும் குளிர்ந்து வெள்ளையாகிறது. எந்த உயரத்தில் குளிர்கிறதோ அங்கே அடி ஆரம்பிக்கிறது. தட்டையாக இருப்பது மேகத்தின் அடி இல்லை, குளிரின் அடி.

மேலே போனால் சூரியனுக்குக் கிட்டத்தில் போகிறது, அங்கே எப்படிக் குளிரும் என்று நான் பல நாள் குழம்பினேன். யாரிடமாவது கேட்கலாம். நான் கேட்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான். செல்போனில் ஒரு வாத்தியார் தமிழில் சொல்கிற வீடியோ கிடைத்தது. காற்று மேலே போகப் போக அதை அழுத்துவதற்கு மேலே ஆள் இல்லை, அதனால் விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது என்றார். சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அவர் இன்னொன்றும் சொன்னார். தண்ணீர் தானாகத் துளியாகாதாம். பிடித்துக்கொள்ள ஒரு தூசி வேண்டுமாம். தூசியே இல்லாத வானத்தில் மேகமே இருக்காதாம். உமிப் புகையில் இருமிக்கொண்டே அதைக் கேட்டேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். புருஷன் செத்த பிறகு எங்கள் ஊரிலேயே ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே மகளை மாமல்லபுரத்துப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டாள். மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது சாவதற்குச் சமம் என்று சொல்வாள். மில் வேலை இருக்கிற வரைக்கும் அவளுக்கு அவள் வீடு உண்டு, அவள் அடுப்பு உண்டு. வேலை போனால் மருமகன் வீட்டு வாசல்தான். அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். அந்த பயத்துக்கு அவளுடைய இடது முட்டிதான் காரணம். அது வீங்கி, ஒரு சின்னப் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

களத்தை ஆறு பாத்தியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பாத்தி கொடுத்திருந்தார்கள். அக்காவுக்குக் கடைசிப் பாத்தி, மதில் ஓரம். களத்துத் தண்ணீர் முழுக்க வடிகிற இடம் அது. மழை வருகிறது என்றால் பெண்கள் மரப்பலகையைப் பிடித்து நெல்லைத் தள்ளிக்கொண்டே ஓடி, நடுவில் அம்பாரமாகக் குவிக்க வேண்டும். நான் தார்ப்பாய் போட்டு மூடுவேன். அவித்த நெல் திரும்ப நனைந்தால் நாற்றம் பிடிக்கும், அரைக்கும்போது நொய்யாகப் போகும். மற்ற ஐந்து பேரும் ஓடினார்கள். அக்கா நொண்டினாள். இரண்டு முறை அவள் பாத்தி நனைந்துவிட்டது.

"இன்னொரு தபா உன் பாத்தி நனைஞ்சுது, மறுநாள் நீ வராத" என்றார் மேஸ்திரி. "நான் கால் பாத்து வேல குடுக்கறவன். மூஞ்சி பாத்துக் குடுக்கறவன் இல்ல."

பாத்திக்காரிகளில் ஒருத்தி அன்றைக்கே அக்கா நடப்பது போல் நொண்டி நடந்து காட்டினாள். மேஸ்திரிக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

சீக்கிரமாக யாராவது, நெல்லை "வாருங்க!" என்று குரல் கொடுத்தால் அக்கா தப்பித்துவிடுவாள். ஆனால் எங்கள் களத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் முதலில் குரல் கொடுக்கிறார்களோ, மழை வராமல் போனால், குவித்த நெல் முழுவதையும் அவர்களே தனியாக விரிக்க வேண்டும். மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்ப்பார்கள், கிண்டல் செய்வார்கள். அதனால் வானம் கறுத்தாலும் எல்லோரும் அடுத்தவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் சொட்டு விழுந்த பிறகுதான் ஒரே நேரத்தில் ஆறு பேரும் கத்துவார்கள். மேஸ்திரி செல்போனைப் பார்த்துவிட்டு, "இருவது பர்சண்ட்தான் போட்டுகீறான், வராது" என்பார். நனைந்தால் போனை யாரும் திட்ட முடியாது.

எனக்குத் தெரிந்தது. புறா ஓட்டி முடித்து, கை ஆறி, திரும்ப வண்டி தள்ள ஆரம்பித்த பிறகும் நான் மேலே பார்ப்பதை நிறுத்தவில்லை. தலை காலிஃபிளவர் மாதிரி முண்டு முண்டாக, ஓரம் கெட்டியாக, வெட்டி எடுத்த மாதிரி இருந்தால் அந்த மேகம் வளர்கிறது. உலை கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழ் குமிழாகத் தள்ளுமே, அப்படிச் சூடான காற்று உள்ளேயிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு முண்டும் ஒரு தள்ளல். ஓரம் பஞ்சு பிய்த்த மாதிரி ஆகிவிட்டால் தள்ளுவதற்கு ஆள் இல்லை, அரைமணியில் கரைந்துவிடும். அடி கறுப்பாக இருப்பதால் மட்டும் மழை என்று சொல்ல முடியாது. மேகம் கறுப்பே இல்லை. நெல் தொட்டியைத் திறக்கும்போது வருகிற புகை, சூரியன் என் முதுகுப் பக்கம் இருந்தால் பால் மாதிரி இருக்கும். அதே புகையைச் சூரியனுக்கு எதிரில் நின்று பார்த்தால் கருக்கலாக இருக்கும். மேகம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு வெளிச்சத்தை மேலேயே நிறுத்திக்கொள்கிறது. நாம் பார்ப்பது அதன் நிழலை.

கோடைக்குப் பிறகு எங்கள் பக்கம் மழை மேற்கிலிருந்து வரும். மதியம் ஒரு மணிக்குமேல் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். அது கொண்டுவருகிற ஈரமும் மேற்கின் சூடும் முட்டுகிற இடத்தில் மேகம் எழும்பும். எழும்பி எழும்பி ஒரு கட்டத்தில், பாய்லர் கொட்டகையின் கூரையில் புகை முட்டிப் பக்கவாட்டில் பரவுவது போல, தலை தட்டையாகப் பரவும். கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக்கல் மாதிரி இருக்கும். அதன் ஓரம் நார் நாராக இருக்கும். அங்கே இருப்பது தண்ணீர் இல்லை, ஐஸ் தூள் என்று வீடியோவில் சொன்னார்கள். அந்தத் தலையைப் பார்த்துவிட்டால் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்தது. ஆனால் "வாருங்க" என்று கத்த என்னால் முடியவில்லை. ஒரு முறை முயன்று பார்த்தேன். வாயைத் திறந்தபோது ஆறு பெண்களும் திரும்பினார்கள். இருமிவிட்டுப் போய்விட்டேன்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "நான் துண்ட எடது தோள்லேர்ந்து வலது தோளுக்கு மாத்திப் போட்டா மழ. நீ உன் பாத்திய மெதுவா தள்ள ஆரம்பிச்சிடு. குரல் குடுக்காத."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனுக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியும்."

முதல் தடவை துண்டை மாற்றியபோது அவள் நம்பினாளோ இல்லையோ, பலகையை எடுத்தாள். "இன்னா யக்கா, வெயில் கொளுத்துது, நீ வாரிகினு கீற?" என்று கேட்டார்கள். அவள் யோசித்துவிட்டு, "முட்டி குத்துது. உள்ளார ஊசி வெச்சாப்பல குத்துச்சுனா மழ வரும்" என்றாள். அரைமணியில் கொட்டியது. ஐந்து பாத்தி நனைந்தது. அக்காவின் பாத்தி மட்டும் அம்பாரத்துக்குள் பத்திரமாக இருந்தது.

இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை அவள் பலகையை எடுத்ததும் மற்ற ஐந்து பேரும் எடுத்துவிட்டார்கள். மழை வருவதற்குள் களம் சுத்தமாக இருந்தது. மேஸ்திரி அக்காவின் முட்டியை ஏதோ புதிதாக வாங்கிய மிஷினைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அந்த வருஷம் அக்காவின் முட்டிக்கு வந்த வாழ்வு யாருக்கும் வந்ததில்லை. அவளுக்குக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். காலையில் மேஸ்திரி வந்ததும், "இன்னாமே, முட்டி இன்னா சொல்லுது?" என்று கேட்பார். அவள் முட்டியைத் தடவிக்கொண்டே ஓரக்கண்ணால் என் தோளைப் பார்ப்பாள். பிறகு பதில் சொல்வாள். பக்கத்து மில்லிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து கேட்டுக்கொண்டு போவான். அவளை மதில் ஓரத்திலிருந்து முதல் பாத்திக்கு மாற்றினார்கள். அந்தக் கடைசிப் பாத்தியை யாருக்குக் கொடுக்கலாம் என்று மேஸ்திரி கேட்டபோது, அவளைப் போல நொண்டிக் காட்டிய பெண்ணை அக்கா கையால் காட்டினாள்.

ஒரு நாள் நான் துண்டை மாற்றிப் போட்டேன். அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். தூரத்தில் இடி கேட்கிற வரைக்கும் இருந்துவிட்டு எழுந்து, முதல் பாத்தி என்பதால் நாலே தள்ளலில் தன் நெல்லைக் குவித்துவிட்டாள். கடைசிப் பாத்தி முழுக்கத் தண்ணீரில் மிதந்தது. அந்தப் பெண்ணை மறுநாள் வர வேண்டாம் என்று சொன்னார்கள். அவள் அழுதுகொண்டே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். அக்கா அவள் காதில் விழும்படிச் சொன்னாள்: "கால் நல்லாத்தான கீது. எங்கனா ஓடிப்போயி பொழச்சிக்கும்."

வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன், "ஏன் லேட் பண்ண?"

"நீ துண்ட மாத்தறதோட நிறுத்திக்க" என்றாள்.

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு அதில் பங்கு இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பெண் போன பிறகும் நான் துண்டை மாற்றிக்கொண்டேதான் இருந்தேன். ஊரே அக்காவின் முட்டியைப் பற்றிப் பேசும்போது, அது என் கண் என்று எனக்குள் ஓர் இனிப்பு இருந்தது. யாரும் என்னைப் பார்க்காமல் நான் சொல்வதைக் கேட்கிறார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

அப்படியே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குப் பேச ஆள் வேண்டும், பேச விஷயம் வேண்டும். ஆவணி மாதத்தில் ஒரு நாள், டீ நேரத்தில், மேஸ்திரி என்னைப் பார்த்து, "ஏன் தொர, உனுக்குக் கல்யாணம் ஆசையே வரலியா?" என்று கேட்டார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"ஆச இல்லாம இன்னா? ஒரு பொண்ணு பாக்கப் போனோம், திருக்கழுக்குன்றத்தாண்ட. போன நேரத்துலேர்ந்து இவன் கூரையப் பாத்துகினு ஒக்காந்துகினு கீறான். பொண்ணு காப்பி குடுக்குது, வாங்கல. கேள்வி கேக்குறாங்க, பேசல. உள்ள போயி அந்தப் பொண்ணு சத்தமா கேக்குது, 'மாப்ள ஊமையாம்மா?'ன்னு."

சிரித்தார்கள். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"வூட்டுக்கு வந்து இன்னா பண்ணான் தெரியுமா? முப்பது வயசு ஆம்பள. என் மடில மூஞ்சியப் பொத்திகினு அழுதான். 'யக்கா, எனுக்கு வாய் இருக்குனு அந்தப் பொண்ணாண்ட போய்ச் சொல்லு'ன்னு." அவள் என் குரல் மாதிரியே சொன்னாள். எச்சிலோடு, விக்கலோடு.

பாய்லர்காரன் டீயைத் துப்பிவிட்டான். மேஸ்திரி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து நான் வண்டி தள்ளிக்கொண்டு போனால் யாராவது ஒருத்தி, "யக்கா, எனுக்கு வாய் இருக்கு" என்பாள். அக்கா அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் சிரித்தாள்.

பெண் பார்த்துவிட்டு வந்து நான் அழுத விஷயம் எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்தது. பதினேழு வருஷம் அவளிடம் பத்திரமாக இருந்தது.

நாலாவது நாள் மேகம் எழும்பியது.

அன்று களம் நிறைந்திருந்தது. அந்த வாரத்திலேயே அதிகமான நெல் அன்றுதான் அவித்திருந்தோம். மதியம் கடற்காற்று ஒரு மணிக்கே வந்துவிட்டது. மேற்கே மலைக்குப் பின்னால் முதல் முண்டு தெரிந்தது. ஓரம் கெட்டியாக இருந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஒன்றின் தோளிலிருந்து இன்னொன்று, அதன் தோளிலிருந்து இன்னொன்று என்று எழும்பியது. இரண்டு மணிக்குத் தலை முட்டிப் பரவ ஆரம்பித்தது. இவ்வளவு அழகான மேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உச்சி வெயிலில் பளபளவென்று, புதுப் பாத்திரம் மாதிரி. எங்கள் களத்திலிருந்து பார்த்தால் கொட்டகை மறைப்பில் அதன் ஓரம் மட்டும்தான் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து முழுவதும் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் இருந்தது.

அக்கா என் தோளைப் பார்த்தாள். துண்டு இடது தோளில் இருந்தது. அவள் முட்டியைத் தடவிவிட்டு மேஸ்திரியிடம், "ஒண்ணியும் சொல்லல" என்றாள். மேஸ்திரி கணக்குப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

கால் மணி கழித்து மறுபடியும் பார்த்தாள். காற்று நின்றிருந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக் களத்து ஓரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவள் கண் என் முதுகில் இருப்பது எனக்குத் தெரிந்தது. பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினேன்.

மூன்றாவது முறை அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்தாள். வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. "டேய்" என்றாள் மெதுவாக. "வானம் ஒரு மாதிரியா கீதே. இன்னாடா?"

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் வந்திருந்தது. அந்த பயம் எனக்குப் பிடித்திருந்தது. குனிந்து பெருக்கினேன்.

காற்று முதலில் வந்தது. மேகத்திலிருந்து விழுகிற குளிர்ந்த காற்று மழைக்கு முன்னால் ஓடிவரும். அது களத்தில் அடித்ததும் தார்ப்பாய்கள் எழும்பின. பெண்கள் கத்தினார்கள். யாரும் முட்டியைக் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் மழை கல் வீசுவது போல் விழுந்தது. அக்கா பலகையைப் பிடித்துத் தள்ளினாள். ஈர நெல்லில் கால் வழுக்கி, வீங்கிய முட்டி சிமெண்டில் படும்படி விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. அவள் பாத்தி நெல் அவளைச் சுற்றிக்கொண்டு மதில் பக்கம் ஓடியது. நான் மற்ற அம்பாரங்களுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தேன். அது என் வேலை. அவளைத் தூக்க நான் போகவில்லை.

மழை விட்டதும் மேஸ்திரி வந்தார். ஆறு பாத்தியும் போய்விட்டது. அவர் கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் எல்லோரும் பயப்படுவார்கள்.

"இன்னாமே, முட்டி தூங்கிட்டிச்சா?"

அக்கா கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முட்டியில் ரத்தம். "முட்டியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்றாள். "இவன்தான் சொல்லுவான். துண்ட மாத்திப் போடுவான். அதப் பாத்துத்தான் நான் சொல்லுவேன். இவ்ளோ நாளும் இவன்தான்."

பாய்லர்காரன் ஆரம்பித்தான். "யாரு? இதுவா? பொகையில ஆவி எது, தண்ணி எதுனு தெரியாம கைய வுட்டுச்சே, இதுவா?"

"ஊமை வானம் பாத்துச்சாம், நொண்டி ஜோசியம் சொன்னாளாம்" என்றாள் ஒருத்தி. நனைந்துபோய் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"சொல்லுடா" என்றாள் அக்கா என்னைப் பார்த்து. "வாயத் தொறந்து சொல்லுடா. நீதான்னு சொல்லு."

மேஸ்திரியும் என்னைப் பார்த்தார். "இன்னா தொர? நீதானா?"

இதுவரைக்கும் என் வாழ்க்கையில் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் போன எல்லா நேரத்திலும் காரணம் கூச்சம்தான். தொண்டை அடைத்துக்கொள்ளும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு அப்படி இல்லை. தொண்டை தெளிவாக இருந்தது. வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொன்னது பொய் இல்லை என்றாவது ஆகியிருக்கும். மேஸ்திரி வானத்தைப் பார்க்க என்னை வைத்துக்கொண்டு, அவளையும் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பார். நெல்லைக் காப்பாற்றுகிற எதையும் அவர் விட மாட்டார்.

நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். இல்லை என்று.

மேஸ்திரி அக்காவிடம், "நாளிக்கி நீ வராத" என்றார். ஒரு வாரம் கழித்து அவள் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறினேன். மருமகன் கல் பட்டறையில் வேலை செய்கிறான். அக்கா வீட்டில் இல்லை. கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்று மகள் சொன்னாள். "சும்மா ஒக்காந்து துன்னா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்னு அவருதான் சேத்துவுட்டாரு" என்றாள். அவள் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

ஓட்டலின் பின்பக்கம் போனேன். பாத்திரங்களுக்கு நடுவில், ஒரு காலை நீட்டி, பலகை மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். கைவிரல்கள் சோப்புத் தண்ணீரில் வெளுத்துப்போயிருந்தன. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே குரல் கொடுத்து ஒரு டீ வாங்கி என் கையில் கொடுத்தாள்.

கடல் மேல் சின்னச் சின்ன மேகங்கள் தாழ்வாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்து மேகம் மாதிரி அவை எழும்புவதில்லை. மேலே ஏதோ சூடான காற்று மூடி போட்ட மாதிரி இருந்தால் மேகம் அதற்குமேல் போகாது, தலை நசுங்கி அப்படியே நகரும். அவற்றால் ஒன்றும் ஆகாது. இரண்டு தூறல் போட்டுவிட்டுப் போகும்.

அக்கா நான் மேலே பார்ப்பதைப் பார்த்தாள். ஒரு குண்டானைத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

"நான் யோசிச்சுப் பாத்தேன்டா" என்றாள். "அன்னிக்கி உனுக்கு நெறைய வண்டி. தல நிமிர நேரமில்ல. துடப்பத்த எடுத்துகினு குனிஞ்சிகினே கீற. நீ பாத்திருக்க மாட்ட. நான் அவசரப்பட்டு உன்னயப் போயி எல்லாரு முன்னாடியும்..." அவள் நிறுத்தினாள். "நீ பாக்கலதான?"

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. எட்டு மாதம் யோசித்து, தம்பியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "ஆமாம், பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டியதுதான். சும்மா இருந்திருந்தாலும் போதும். சும்மா இருப்பது எனக்கு வாழ்நாள் பழக்கம்.

"பாத்தேன்" என்றேன். "ஒரு மணிலேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன்."

அவள் கை தண்ணீருக்குள் நின்றது. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு எட்டி, பாதி டீயோடு இருந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள். மீதியைச் சாக்கடையில் ஊற்றினாள். டம்ளரை மற்றப் பாத்திரங்களோடு போட்டு, சோப்பு நாரை எடுத்து, உள்ளும் வெளியும் தேய்க்க ஆரம்பித்தாள்.